நகரம் முதலில் வெளிச்சமாக வருகிறது



பெருநகரங்களைச் சுற்றியுள்ள ஏரி, காடு, வயல், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைக் கட்டிக்காக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். தாம்பரத்திலோ சிங்காநல்லூரிலோ நடக்க வேண்டிய கூட்டத்தை ஜவ்வாது மலைக் காவலூரில் நடத்துகிறீர்கள். கூப்பிடு தூரத்தில் பெருநகரம் எதுவும் கிடையாது. ஆனாலும் இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1960-களில் வானியலாளர் வைணு பாப்பு ஒரு புதிய வான் ஆய்வகத்துக்கு இடம் தேடினார். சந்தன மரக்காட்டுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருந்த இந்த ஊரைப் பிடித்தார். நிலநடுக்கோட்டுக்குப் பன்னிரண்டரைப் பாகை வடக்கே இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். அதைவிட முக்கியம், இரவு இங்கே இரவாகவே இருந்தது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டில் வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு இங்கே தடயம் கிடைத்தது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தபோது அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது பாப்பு இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவும் இருட்டு கொடுத்த வருமானம். ஊர்க்கணக்கில் இருட்டுக்குப் பதிவேடு கிடையாது. புல எண் கிடையாது, தீர்வை கிடையாது, அதை ஆக்கிரமித்தவனுக்கு நோட்டீஸும் கிடையாது. நான் வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன். எதைப் பார்த்தாலும் அதன் பதிவேடு எங்கே என்று தேடுவது என் வழக்கம்.

ஒரு நகரம் கிராமத்துக்குள் எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் வெளிச்சமாக வரும். தொடுவானத்தில் ஒரு வெளிறிய படலம். அவ்வளவுதான், யாருக்கும் உறுத்தாது. அடுத்து, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, பூங்காவனம் என்றோ கார்டன் என்றோ பெயர்ப்பலகை வைத்த வீட்டுமனையாக வரும். பிறகு ராத்திரியில் மறைவாகக் கொட்டிவிட்டுப் போகும் குப்பை லாரியாக வரும். சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் கடைசியில் வரும். சில இடங்களில் வருவதே இல்லை. இங்கிருந்து கீழே வாணியம்பாடி, ஆலங்காயம், ஆம்பூர் திசையில் பார்த்தால் முதல் கட்டம் கண்ணுக்குத் தெரியும். பெருநகரங்களோ கோட்டைத் தாண்டிவிட்டன. சென்னைப் பெருநகரப் பகுதி பல ஆண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. அரக்கோணம் வட்டாரம் வரை இப்போது காகிதத்தில் சென்னைதான்.

இனி தன்னார்வலர்களுக்கு வருகிறேன். தன்னார்வலர் என்றதும் பச்சை பனியனும் மண்வெட்டியும் மரக்கன்றும் நம் நினைவுக்கு வருகின்றன. நடட்டும், தடுக்கவில்லை. ஆனால் நாட்டுப்புறத்தை நிஜமாகவே காப்பாற்றிக் கொடுத்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் புதிதாக எதையும் நட்டவர்கள் இல்லை. எது எங்கே இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, இருப்பதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

பழைய உதாரணம் வேடந்தாங்கல். அந்த ஏரி முப்பது ஹெக்டேர் அளவுதான். வரும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்பது ஊராருக்குத் தெரியும். கும்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கூடிப் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல், ஏரியைக் காக்கும் உரிமை தங்களுக்கே என்று கவுல், அதாவது உரிமைப் பத்திரம், வாங்கிவிட்டார்கள். நம் நாட்டுச் சரணாலயங்களுக்கெல்லாம் முன்னோடியான கதை இது. ஊரார் வாங்கி வைத்தது ஒரு காகிதம் என்பதைக் கவனியுங்கள். 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்க வனத்துறையிடமிருந்தே ஒரு முன்மொழிவு கிளம்பியது. விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் மீண்டும் காகிதத்தோடு வந்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. உங்கள் மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறதே, அங்கிருந்து வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. எனவே இது உங்களுக்கு அந்நியக் கதை அல்ல.

பள்ளிக்கரணையில் கதை வேறு மாதிரி. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகும் சதுப்பு அது. ஊர் மக்கள் கழுவெளி என்பார்கள். உழ முடியாது, வரி வராது, ஆகவே வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குகள் அதை உதவாத நிலமாகவே பார்த்தன. உதவாத நிலம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யாருக்கு எதற்குக் கொடுத்தாலும் தப்பில்லை அல்லவா? பெருங்குடியில் மாநகரக் குப்பை மலையாக ஏறியது. அரசு நிறுவனங்களே சதுப்புக்குள் கட்டடம் எழுப்பின. பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்பது பொதுவான மதிப்பீடு.

மிச்சமிருந்ததை யார் பிடித்து நிறுத்தினார்கள்? அந்தப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள், பறவை பார்க்கப் போனவர்கள், குப்பை எரியும் புகையில் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்ததால் தெருவுக்கு வந்த தாய்மார்கள். அவர்களோடு ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். 2000-இல் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் அங்கே எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைச் செடி என்று வருடக்கணக்கில் கணக்கெடுத்தார். இந்தக் கணக்குதான் ஆயுதமாயிற்று. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலத் தகுதி கிடைத்தது. 2025-இல் ஜெயஸ்ரீக்கு ராம்சர் விருது. இந்தியர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

விருதோடு கதை முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். ராம்சர் எல்லைக்குள் எந்தெந்தப் புல எண்கள் அடங்குகின்றன, அதற்கு வெளியே எவ்வளவு தூரம் வரை கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்ற வழக்கு அதே 2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போனது. உலகமே அங்கீகரித்த ஈரநிலத்துக்குப் புல எண் வாரியான எல்லை தெளிவாக இல்லையென்றால் கட்டட முதலாளியின் வக்கீலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஐயா, பத்துப் பேரணிக்குச் சமம் ஒரு புலப்பட நகல்.

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், உட்பிரிவு, பரப்பு, புஞ்சையா நஞ்சையா புறம்போக்கா, புறம்போக்கென்றால் என்ன வகை என்று வரிசையாக இருக்கும். ஏரி, வாய்க்கால், ஓடை, மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு என்று பொதுவில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. பக்கத்திலேயே குறிப்புக் கலம். சூது பெரும்பாலும் அந்தக் குறிப்புக் கலத்தில்தான் நடக்கும். மேய்க்கால் என்று இருந்தது வகை மாற்றம் ஆகி தரிசு என்று வரும்; தரிசு பிறகு தனியாருக்கு ஒப்படை ஆகும். வருடா வருடம் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளை மேசைமேல் வைத்துத் தணிக்கை செய்யும் நாள் அது. பட்டா மாறுதலுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் மனு கொடுக்கக் கூட்டம் நெரியும். எங்கள் ஊர் ஓடைப் புறம்போக்கு சென்ற ஆண்டுக் கணக்கில் இருந்த அளவே இந்த ஆண்டும் இருக்கிறதா என்று கேட்க வருபவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வந்தால் எழுத்தர் முதற்கொண்டு எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது பதிவேட்டின் நகலை இணையத்திலேயே எடுக்கலாம். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தகவல் கேட்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. கன்று நடுபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சதுப்பில் மரம் நட்டால் சதுப்பு கெடும். புல்வெளியில் நட்டால் புல் போகும், மாடு போகும். ஏரியை ஆழமாகத் தூர்வாரி, செங்குத்துக் கரை கட்டி, நடுவில் ஒரு தீவும் சுற்றி நடைபாதையும் வைத்துவிட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும். நாரையும் உள்ளானும் நின்று மேய்வது கணுக்கால் அளவுத் தண்ணீரில். அந்தச் சரிவான ஓரத்தைத்தான் அழகுபடுத்துகிறோம் என்று முதலில் அழித்துவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு செய்த சேதங்களின் பட்டியல் நம் ஊரில் நீளம். அதற்காக நடுவதே வீண் என்று சொல்லமாட்டேன். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாக இருந்த கோட்டூர்புரம் மண்ணை 2006-இலிருந்து நிழல் அமைப்பினர் நாட்டு மரங்கள் நிற்கும் பூங்காவாக்கினார்கள். அங்கே இழக்க ஒன்றும் இல்லை, நட்டார்கள், சரிதான்.

இரவைப் பற்றித் தொடங்கினேன், ஓர் இரவு வேலையைச் சொல்கிறேன். சென்னைக் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1970-களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ராத்திரியில் கடற்கரையை நடந்து அளந்தார்கள். 1988-இலிருந்து மாணவர்கள் ஓர் அமைப்பாகவே சேர்ந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வந்துவிட்டது, நடை நிற்கவில்லை. நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், ஈர மணலில். டார்ச் அடிக்கக் கூடாது. அலையிலிருந்து மேலேறும் தடம் டிராக்டர் சக்கரம் பதிந்தாற்போல இருக்கும். அது எங்கே கலைந்து குழம்புகிறதோ அந்த வட்டத்துக்குள் எங்கோ முட்டை. குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் குச்சி நிற்கும். முட்டைக் குழியின் வாய்க்கு மேல் மட்டும் சட்டென்று இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும், முழங்கைக்கு மேல் போகும் ஆழம். நூறு முட்டைக்குக் குறையாது. ஓடு மெத்தென்று இருக்கும், நகம் படக் கூடாது. துணிப்பையில் அடுக்கி, வேலி போட்ட பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி தோண்டி மறுபடி புதைப்பார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்தால் குஞ்சு வரும்.

ஏன் அங்கேயே விடாமல் எடுத்துப் போகிறார்கள்? நாய்த் தொல்லை ஒரு காரணம். மற்றொன்று வெளிச்சம். மண்ணிலிருந்து வெளிவரும் குஞ்சு எந்தப் பக்கம் அதிகம் வெளிறித் தெரிகிறதோ அந்தப் பக்கம் நகரும். ஆதிகாலமாக அது கடலின் பக்கம். இப்போது அது சாலை விளக்கின் பக்கம். எனவே ஆமைக்காரர்களின் வேலையில் பாதி, பருவம் முடியும் வரை கரையோரத்து உயர்கோபுர விளக்குகளை நள்ளிரவில் அணையுங்கள் என்று மனுப் போடுவது. காவலூர்த் தொலைநோக்கியும் நீலாங்கரை ஆமைக்குஞ்சும் கொடுக்க வேண்டிய மனு ஒன்றுதான். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டி மூச்சுமுட்டியவையே அதிகம். அதை எண்ணிச் சொல்லவும் இந்த நடைக்காரர்கள்தான் இருந்தார்கள். எண்ண ஆளில்லாத கரையில் செத்தால் செய்திகூட வராது.

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி சமீபத்திய வெற்றி. நகரத்திலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர். ஏழு குன்று, சுனைகள், கண்மாய்கள், தமிழி எழுத்துள்ள சமணக் குகை, பாண்டியர் குடைவரை. கிரானைட் வெட்ட வந்தவர்களை முன்பே தடுத்த ஊர் அது. அந்த அனுபவத்தில் தங்கள் மலையில் என்னென்ன இருக்கிறது என்று விலாவாரியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில், அதை உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போய்விட்டதாகச் செய்தி. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பர் 9-இல் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் மேலூர் வட்டாரமே மதுரையை நோக்கி நடந்தது. 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. கூட்டத்தின் பலம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்துக்கு எதிராகச் சட்டப்படி காட்ட, கையில் முன்பே ஓர் அறிவிக்கை இருந்ததே, அதை மறக்கக் கூடாது.

இந்த மலையில் நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காடு காப்பது என்ற பேச்சு எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திரப் போலீசார் சுட்டுக்கொன்ற இருபது பேரில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். கூலிக்குப் போனவர்கள். மரத்தைக் கொள்ளையடித்து விற்றவன் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலும் நீர்நிலையைக் காக்கிறோம் என்று முதலில் கரையோரக் குடிசைகளைத்தான் அகற்றினார்கள். அகற்றியவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? அதே சதுப்பின் தாழ்வான பக்கத்தில். கார் வைத்திருப்பவர் நடைபயிற்சிக்குப் பசுமை கேட்பதும், சாமை விதைப்பவர் காட்டில் தேனும் கிழங்கும் எடுக்க உரிமை கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம் என்று உணராத தன்னார்வலர் குழு அரசுக்கு ஏவலாளாகத்தான் முடியும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வனவளத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது. உங்களைவிடத் தகுதியான காவலர் வெளியிலிருந்து வரப்போவதில்லை.

லண்டனைச் சுற்றி ஒரு பசுமை வளையம் இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படிப்போம். 1926-இல் இங்கிலாந்து நாட்டுப்புறத்தைக் காக்க ஓர் அமைப்பு உருவானது; 1938-இல் லண்டன் பசுமை வளையச் சட்டம் வந்தது. சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும் ஒவ்வொரு பேட்டையிலும் நாலு பேர் உட்கார்ந்து, கட்டட அனுமதி விண்ணப்பங்களைப் படித்து, ஆட்சேபணை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கேயும் மண்வெட்டியைவிடப் பேனாவுக்குத்தான் வேலை அதிகம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் லடாக்கில் இருக்கிறது. ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்திருப்பதும் காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். 2022-இல் அங்கே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதோடு நிற்காமல், சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சிறிய தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். வானம் பார்க்க வரும் விருந்தாளிக்கு அவர்களே வழிகாட்டி, அதில் அவர்களுக்கு வருமானமும் உண்டு. ஜன்னலுக்குத் திரை போடுவதும் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவதும் அங்கே யாரோ போட்ட உத்தரவு என்பதைத் தாண்டி ஊர்க்காரர் விவகாரம் ஆகிவிட்டது. ஹான்லேயைச் சுற்றி வாணியம்பாடி இல்லை, உண்மைதான். அதனால்தான் இங்கே காரியம் அவசரம்.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாம்பும் கரடியும் நடமாடும் மலையில் ராத்திரி வெளிச்சம் வேண்டாம் என்று சொல்பவன் அறிவிலி. பிரசவத்துக்குப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கேட்பது, தரையில் விழ வேண்டிய வெளிச்சம் தரையில் விழட்டும் என்பதுதான். பழைய சோடியம் விளக்கை எடுத்துவிட்டு மாட்டும் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம். நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் கலந்த எல்.இ.டி. கிடைக்கிறது. மேலே குடை போன்ற மூடி வைத்தால் அதே விளக்கு தெருவுக்கு இன்னும் பிரகாசமாக இருக்கும், கரண்டும் மிச்சம்.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவாருங்கள். உங்கள் ஊராட்சியில் இனி மாட்டும் தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் மேல்மூடி வேண்டும், வெளிச்சம் மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஓடை, ஏரி, மேய்க்கால் புறம்போக்குகளின் புல எண்ணையும் பரப்பையும் அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. தீர்மானத்தின் வாசகம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், நகல்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.